உபகாரமா, உரிமையா? மன்னார்க் கரையோரமும் முதுமைக்கால ஓய்வூதியப் பாதுகாப்பும்

ஓய்வூதியம் பற்றி இந்நாட்டில் நிகழும் விவாதம் பெரும்பாலும் கணக்காளரின் மொழியிலேயே நிகழ்கின்றது. திறைசேரி எவ்வளவு தாங்கும், ஓய்வு பெறும் வயது எதுவாக இருத்தல் வேண்டும், நிதியத்தின் வட்டி வீதம் யாது என்பனவே அங்கு எழுப்பப்படும் வினாக்கள். அவை வேண்டாத வினாக்கள் அல்ல. ஆயின் அவற்றுக்கு முன்னதாக விடை காணவேண்டிய வினா ஒன்றுண்டு. உழைக்கும் காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு; அதன்பின் வரும் முதுமை இருபது ஆண்டு வரை நீளலாம். இந்த நெடிய காலப்பரப்பினுள்ளே போர், இடப்பெயர்வு, பணவீக்கம், நிதியத்தின் வீழ்ச்சி ஆகிய இடர்கள் நேருமாயின், அவற்றைச் சுமக்க வேண்டியவர் யார் என்பதே அவ்வினா.

மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையோரத்தையும் களமாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்களத்தை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தின் மொத்தக் குடித்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சமே. இச்சிறு தொகையினருள்ளே அரச சேவையில் இளைப்பாறியோரும், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய நெற்செய்கையாளரும், தலைமன்னார், பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு, சிலாவத்துறை ஆகிய இடங்களின் கடற்றொழிலாளரும், உப்பளத் தொழிலாளரும், தமிழகத்து முகாம்களிலும் புத்தளத்திலும் பல்லாண்டு வாழ்ந்து மீண்டோரும் உளர். முதுமைக்கால வருமானத்திற்கென இலங்கை அரசு வகுத்த ஏற்பாடுகள் யாவும் இங்கு ஒருங்கே காணத்தக்கன. அவை எங்கெங்கு தவறுகின்றன என்பதும் இங்கு தெளிவாகப் புலப்படும்.

பெயர்கள் உணர்த்தும் வரலாறு

முதுமைக்காலக் கொடுப்பனவுகளுக்கு எமது மக்கள் வழங்கிய பெயர்களை முதலில் நோக்குவோம். அரச சேவையிலிருந்து இளைப்பாறியவர் பெறுவதை முன்னையோர் 'உபகாரச் சம்பளம்' என்றனர். பேச்சுவழக்கில் அது 'பென்சன்' ஆயிற்று. பின்னர் 'ஓய்வூதியம்' என்னும் சொல் நிலைபெற்றது. ஆதரவற்றோருக்கு அரசு வழங்கிய பொதுசன உதவிப்பணத்தையோ ஊரவர் 'பிச்சைச் சம்பளம்' என்றே அழைத்தனர். உபகாரம் என்பது கொடுப்பவனின் பெருந்தன்மை. பிச்சை என்பது வாங்குபவனின் தாழ்வு. ஊதியம் என்பதோ செய்த வேலைக்குச் சேரவேண்டியது. ஒரே தேவைக்கு வழங்கப்பெறும் பணம் மூன்று வேறு சமுதாய உறவுகளைக் குறிக்கும் பெயர்களால் அழைக்கப்பட்டமை தற்செயலானதன்று.

சட்டமும் இவ்வேறுபாட்டையே பேணிற்று. குடியேற்றவாத ஆட்சியின்போது 1901 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பே இன்றும் அரச ஊழியரின் ஓய்வூதியத்திற்கு அடிப்படையாக உள்ளது. அரச ஊழியருக்கு ஓய்வூதியத்தின்மீது முற்றான உரிமை எதுவும் இல்லை என்னும் கருத்து அதன் தொடக்க விதியிலேயே இடம்பெற்றுள்ளது. நல்ல முறையில் நெடுங்காலம் சேவகம் செய்தவனுக்கு முடி மனமுவந்து அளிக்கும் கொடையாகவே அது கருதப்பட்டது. இதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1898 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அரச ஊழியரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்குமான ஓய்வூதிய நிதியை நிறுவியிருந்தது. அதே 1898 ஆம் ஆண்டிலேதான் நியூசிலாந்து, வறிய முதியோருக்குப் பொது வரியிலிருந்து ஓய்வூதியம் வழங்கும் சட்டத்தை இயற்றிற்று. சேர்மனி 1889 ஆம் ஆண்டிலே தொழிலாளருக்கான முதுமைக் காப்புறுதியை ஏற்படுத்தியிருந்தது. பிரித்தானியா தன் சொந்தக் குடிகளுக்கு 1908 ஆம் ஆண்டிலே முதியோர் ஓய்வூதியத்தை வழங்கிற்று. தாய்நாட்டிலே குடிகளின் உரிமையாக மலர்ந்த ஒன்று, குடியேற்ற நாட்டிலே நிருவாகத்தைத் தாங்கிய சிறு குழுவினருக்கான சலுகையாக நின்றுவிட்டது.

அச்சிறு குழுவினுள்ளும் படிநிலைகள் இருந்தன. ஓய்வூதியத்திற்கு உரித்தற்ற அரச ஊழியருக்கென 1942 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அரச சேவைச் சேமலாப நிதி ஏற்படுத்தப்பட்டது. ஒரே புகையிரதப் பகுதியில் ஒரே காலத்தில் உழைத்த இருவருள் ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் பெற, மற்றவர் ஒருமுறை கைநிறையப் பெற்று, அது தீர்ந்தபின் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கும் நிலை இதனால் உண்டாயிற்று.

அரச சேவைக்கு வெளியே உழைத்தோருக்கு 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் முதல் வாயிலைத் திறந்தது. தொடக்கத்தில் ஊழியரின் பங்கு 4 சதவீதமாகவும் தொழில்தருநரின் பங்கு 6 சதவீதமாகவும் இருந்தன. பின்னர் அவை 8 ஆகவும் 12 ஆகவும் உயர்ந்தன. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பணிக்கொடையும் சேர்ந்தன. இவை யாவும் தொழிலாளர் போராட்டங்களின் பேறுகள் என்பதை மறத்தலாகாது. ஆயினும் இவை அனைத்தும் ஒரு முன்னெடுகோளின்மீது நிற்கின்றன: உழைப்பவனுக்கு மாதச் சம்பளம் உண்டு, அச்சம்பளத்தைக் கொடுக்கும் தொழில்தருநன் ஒருவன் உண்டு. மன்னார்க் கரையோரத்திலே இம்முன்னெடுகோள் பெரும்பாலார்க்குப் பொருந்துவதில்லை.

தலைமன்னார் இறங்குதுறை

கடலோரத் தொழிலாளரை நோக்குமுன், இத்தீவின் வழியாகச் சென்ற வேறொரு தொழிலாளர் கூட்டத்தை நினைவுகூர்தல் தகும். 1914 ஆம் ஆண்டு முதல் புகையிரதமும் கப்பலும் தலைமன்னாரைத் தமிழகத்தோடு இணைத்தன. பெருந்தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்த வழியும் அதுவே. பின்னர் அவர்தம் மக்கள் திருப்பி அனுப்பப்பட்ட வழியும் அதுவே. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. அவ்வொப்பந்தத்தில் ஓய்வுக்கால நன்மை பற்றிய வாசகம் ஒன்றும் உண்டு. செல்வோர் தமது சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளிட்ட உடைமைகளை எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படுவர் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்றும் அது கூறிற்று.

இதன் உட்பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். சேமலாப நிதி என்பது கொண்டுசெல்லத்தக்க ஒரு தொகை. ஓய்வூதியம் என்பது ஒரு சமுதாயத்தின் உறுப்பினனாகத் தொடர்ந்து வாழ்வதற்கான உறுதி. தலைமுறைகளாகத் தேயிலைச் செல்வத்தை ஆக்கிய மக்களோடு இந்நாடு கணக்குத் தீர்த்தபோது, முன்னையதைக் கையிற் கொடுத்துப் பின்னையதை மறுத்தது. தலைமன்னார் இறங்குதுறையிலே கப்பலேறிய முதியவர், சேமித்த பணத்தோடு சென்றாரேயன்றி முதுமைக்கான பாதுகாப்போடு செல்லவில்லை. கணக்கைத் தீர்த்து அனுப்புதல் வேறு, காலமெல்லாம் காத்தல் வேறு என்னும் இவ்வேறுபாடு, பின்வரும் ஆய்வு முழுவதற்கும் துணையாகும்.

பங்குமுறையும் பங்களிப்பு முறையும்

மன்னார்க் கடற்றொழில் பாக்கு விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலுமாக நிகழ்வது. இங்கு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் என்பது பொதுவாக இல்லை. பிடித்த மீனை விற்ற பணத்திலிருந்து எரிபொருள் முதலிய செலவுகள் கழிக்கப்படும். எஞ்சியது வள்ளத்திற்கும் வலைக்கும் ஒரு கூறாகவும் உழைத்தோருக்கு ஒரு கூறாகவும் பங்கிடப்படும். கரைவலையில் சம்மாட்டியின் பங்கும் வலை இழுப்போரின் பங்கும் இவ்வாறே பிரியும். கடல் பொய்த்த நாளில் பங்கும் பொய்த்துவிடும். சம்மாட்டியிடமோ மீன் வியாபாரியிடமோ பெற்ற முற்பணம் அடுத்த பருவத்துப் பங்கில் கழியும். உற்பத்திச் சாதனங்களின் உடைமையாளன் இங்கு இருக்கின்றான். ஆயினும் சட்டம் தேடும் 'தொழில்தருநன்' இலன். இலாபத்திலே பங்காளி என்னும் பெயரால் தொழிலாளி உண்மையில் இடரிலேயே பங்காளியாக்கப்படுகின்றான். ஆகவே ஊழியர் சேமலாப நிதி கரையோடு நின்றுவிடுகின்றது.

இக்குறையை உணர்ந்தே அரசு இரு சட்டங்களை இயற்றியது. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கமக்காரருக்கும், 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் மீனவருக்கும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டங்களை ஏற்படுத்தின. கமத்தொழில் காப்புறுதிச் சபை இவற்றை நிருவகித்தது. 18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்டோர் சேர்ந்து, வயதுக்கேற்ப வகுக்கப்பட்ட தவணைப் பணத்தைச் செலுத்திவரின், 60 வயது நிறைந்தபின் மாதந்தோறும் ஒரு தொகை கிடைக்கும். உழவனும் மீனவனும் இளைப்பாறும் உரித்துடையவர் என்பதைத் தென்னாசியாவிலே சட்டத்தால் ஏற்ற முயற்சிகளுள் இவை குறிப்பிடத்தக்கன. அதன் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் இத்திட்டங்களின் அமைப்பிலேயே இரு பலவீனங்கள் இருந்தன. முதலாவது, செலுத்தும் தவணையும் பெறும் ஓய்வூதியமும் ரூபாக் கணக்கில் நிலையாக வரையறுக்கப்பட்டமை. விலைவாசி ஆண்டுக்குப் பத்துச் சதவீதம் உயருமெனக் கொள்வோமாயின், இன்றைய 1,000 ரூபாவின் கொள்வனவு வலு ஏழாண்டில் ஏறத்தாழ அரைவாசியாகும். பதினைந்தாண்டில் காற்பங்கிலும் குறையும். இருபது வயதில் திட்டத்திற் சேர்ந்த ஒருவனுக்கு அறுபது வயதில் கிடைப்பது, வாக்களிக்கப்பட்ட தொகையாக இருக்கலாம்; வாக்களிக்கப்பட்ட வாழ்வாக இராது. இரண்டாவது, சிறு தவணைகளைக் கொண்டு நீண்டகாலக் கடப்பாட்டை நிறைவேற்றும் அளவுக்கு நிதியம் ஒருபோதும் வளர்க்கப்படாமை. அதன் விளைவு 2012 ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. கமக்காரர் ஓய்வூதிய நிதியம் வற்றியதால் கொடுப்பனவுகள் இடைநின்றன. ஒழுங்காகத் தவணை செலுத்தி அறுபதைக் கடந்த முதியோர் வெறுங்கையராய்க் காத்திருந்தனர். 2014 ஆம் ஆண்டிலே திறைசேரியின் பணத்தைக் கொண்டு மாதம் குறைந்தபட்சம் 1,000 ரூபா என்னும் அடிப்படையில் அது மீண்டும் தொடங்கியது. முருங்கன், நானாட்டான் வயல்களிலே உழைத்துக் களைத்தவனும் இவ்விடைநிறுத்தத்துக்கு விலக்காக இருக்கவில்லை.

பெண்களின் நிலை இன்னும் ஆழ்ந்த கவனத்திற்குரியது. மீனைத் தரம்பிரித்தல், கருவாடு போடுதல், நண்டை வலையிலிருந்து கழற்றுதல், வலை செப்பனிடுதல் ஆகிய வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. நாட்கூலியாகவோ, குடும்பத் தொழிலின் பகுதியாகக் கூலியே இன்றியோ இவ்வேலைகள் நிகழ்கின்றன. கடலுக்குச் செல்பவனையே தொழிலாளியாகக் காணும் பார்வைக்கு, கரையில் உழைப்பவள் தொழிலாளியாகத் தென்படுவதில்லை. ஆண்களினும் நீண்டநாள் வாழ்பவரும், முதுமையில் தனித்து விடப்படுபவரும் பெண்களாகவே இருத்தலால், ஏற்பாடு இல்லாத இடத்திலேயே தேவை மிகுதியாக உள்ளது.

கணக்கில் வாராத ஆண்டுகள்

மீனவர் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்ட 1990 ஆம் ஆண்டே வடக்கில் போர் மீண்டும் மூண்ட ஆண்டுமாகும். அவ்வாண்டு யூன் மாதத்தின்பின் மன்னார்க் கடல் தடைகளுக்குட்பட்டது. பலர் படகேறித் தமிழகம் சென்றனர். ஒக்டோபர் மாதத்திலே எருக்கலம்பிட்டி, முசலி உட்பட மாவட்டத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பெரும்பாலும் புத்தளத்துக்குச் சென்று முகாம்களில் வாழ நேர்ந்தது. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் சிறிது மூச்சுவிட இடந்தந்தது. 2006 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் போர். 2007 இல் சிலாவத்துறை, முள்ளிக்குளம் பகுதி மக்களும், 2008 இல் மாந்தை மேற்கு மக்களும் இடம்பெயர்ந்தனர். பின்னவருட் பலர் 2009 ஆம் ஆண்டு மே மாதம் வரை முல்லைத்தீவுக் கரை நோக்கித் தள்ளப்பட்டுச் சென்றனர்.

இந்நிகழ்வுகளை ஓய்வூதியக் கணக்கிலே பொருத்திப் பார்ப்போம். 1964 ஆம் ஆண்டிற் பிறந்த மீனவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சட்டம் இயற்றப்பட்டபோது அவருக்கு வயது 26. அறுபது நிறைந்தது 2024 இல். இடைப்பட்ட 34 ஆண்டுகளே அவர் பங்களிப்புச் செலுத்தியிருக்கத்தக்க காலம். அதில் போர் நிகழ்ந்த ஆண்டுகள் மட்டும் ஏறத்தாழ பதினைந்து. கடலுக்குச் செல்லத் தடை. தவணை வாங்கும் அலுவலர் இல்லை. பதிவேடு எரிந்தோ அழிந்தோ போயிற்று. ஆளே அயல்நாட்டு முகாமில். எஞ்சிய ஆண்டுகளிலும், தமிழக இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதால் வருமானம் நிலையற்றது. 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தபோதும் கடலிலே சிக்கல் தீர்ந்தபாடில்லை. பங்களிப்பு முறையின் கண்ணுக்கு, இம்மனிதர் தவணை செலுத்தத் தவறியவர். உண்மையிலோ அவரைப் பாதுகாக்கத் தவறியது அரசு. ஒரு சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட போரின் விளைவைத் தனிமனிதனின் ஒழுங்கீனமாகப் பதிவுசெய்யும் கணக்குமுறை நடுநிலையானதன்று. அது அநீதியை எண்களாக மாற்றி மறைக்கின்றது.

அரச ஊழியரின் குடும்பங்களும் இதற்கு விலக்கல்லர். ஊழியர் இறப்பின் மனைவிக்கும் மக்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. ஆயின் அவர் காணாமற் போயின்? 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. கணவன் உயிரோடிருக்கின்றான் என நம்பும் பெண்ணுக்கு அது, உதவித்தொகையையும் நம்பிக்கையையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் தராசாயிற்று. 2016 ஆம் ஆண்டின் திருத்தம் இறப்பென்று கூறாது 'காணக்கிடையாமைச் சான்றிதழ்' வழங்க இடந்தந்தமை வரவேற்கத்தக்கது. ஓர் உரிமையைப் பெறுவதற்கு இறப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்னும் கொள்கையை அது ஏற்றது. இதே கொள்கை, இழந்த பதிவேடுகளுக்கும் இழந்த ஆண்டுகளுக்கும் விரிவுபெறல் வேண்டும்.

சேமிப்பின் மீதான இருமுனைத் தாக்குதல்

இன்றைய முதியோரின் நிலை இவ்வாறிருக்க, நாளைய முதியோரின் நிலை யாது? போரின் பின்னர் மன்னாரின் இளைஞரும் யுவதிகளும் ஆடைத்தொழிற்சாலை, கட்டட வேலை, கடைச் சிப்பந்தி வேலை எனச் சம்பள உழைப்பிற்குட் பரவலாகப் புகுந்தனர். அவர்தம் முதுமைக்கு ஊழியர் சேமலாப நிதியே முதற் காப்பு. ஆகவே அந்நிதிக்கு நேர்ந்தவை கரையோரத்துக்கும் உரிய செய்திகளே.

2011 ஆம் ஆண்டிலே தனியார்துறை ஊழியருக்கான ஓய்வூதிய நன்மை நிதியச் சட்டமூலம் ஒன்றை அரசு கொணர்ந்தது. ஊழியரின் சம்பளத்தில் மேலதிகக் கழிவுகளை அது வேண்டிற்று; குறைந்தது பத்தாண்டு பங்களித்தோருக்கே ஓய்வூதியம் என்றது. சில ஆண்டுகள் மட்டும் தொழிற்சாலையில் உழைத்துத் திருமணத்தோடு ஊர் திரும்பும் பெண்கள், பணத்தைக் கொடுத்தும் பயனைப் பெறார் என்பது வெளிப்படை. மே 30 ஆம் நாள் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் தொழிலாளர் பல்லாயிரவர் கிளர்ந்தெழுந்தனர். பொலிசார் சுட்டதில் ரொஷேன் சானக்க என்னும் இளந்தொழிலாளி காயமுற்று உயிர் துறந்தார். அரசு சட்டமூலத்தைக் கைவிட நேர்ந்தது. ஓய்வுக்கால நன்மை என்பது முதியோரின் விடயமென எண்ணுவோருக்கு, அதற்காக உயிர் ஈந்தவர் இருபது வயதை அண்மித்த இளைஞர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தெருவில் தோற்ற முயற்சி வேறு வடிவிலே நிறைவேறியது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. ஆண்டுச் சராசரி 46 சதவீதமளவில் இருந்தது. அதே ஆண்டுக்கு ஊழியர் சேமலாப நிதி தன் அங்கத்தவருக்கு அளித்த வட்டி 9 சதவீதம். எளிய கணக்கு இது: 100 ரூபா 109 ரூபாவாக வளர்ந்தது, 100 ரூபாப் பொருளின் விலையோ 146 ரூபாவாயிற்று. ஒரே ஆண்டில் சேமிப்பின் உண்மைப் பெறுமதியில் ஏறத்தாழ காற்பங்கு கரைந்தது. அடுத்து, 2023 யூலை 1 ஆம் நாள் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை அங்கீகரித்தது. ஓய்வுக்கால நிதியங்கள் தம்மிடமுள்ள திறைசேரி முறிகளை, தொடக்கத்தில் 12 சதவீதமும் பின்னர் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றுதல் வேண்டும். மறுப்பின் அவற்றின் வருமானத்தின்மீது 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீத வரி விதிக்கப்படும். வர்த்தக வங்கிகளின் முறிகளுக்கு இவ்வேற்பாடு விதிக்கப்படவில்லை; அவை ஏற்கெனவே மிகுந்த வரி செலுத்துகின்றன என்பதும் வங்கித்துறையின் உறுதிப்பாடு பேணப்படல் வேண்டும் என்பதும் கூறப்பட்ட காரணங்கள். 3,000 பில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட தொழிலாளர் சேமிப்பு, அதன் உரிமையாளரின் வாக்கைக் கேளாமலே, அரசின் கடனைச் சுமக்கும் தோளாயிற்று.

அரச ஓய்வூதியமும் இதே காலத்தில் நெருக்குதலுக்கு உள்ளாயிற்று. புதிதாகச் சேர்வோரைப் பங்களிப்பு முறைக்கு மாற்றும் முன்மொழிவு 2016 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் எழுந்து, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. சம்பளம் திருத்தப்படும்போது ஓய்வூதியம் தானாகத் திருந்துவதில்லை. ஆகவே ஒரே பதவியில் ஒரே கால அளவு சேவை செய்தோர், இளைப்பாறிய ஆண்டு வேறாயின் வெவ்வேறு தொகை பெறுகின்றனர். 2020 இன் முன் இளைப்பாறியோரின் முரண்பாடுகளை மூன்று கட்டங்களாகக் களைய 2025 வரவு செலவுத் திட்டம் முன்வந்தது. நல்லதே, ஆயினும் ஆண்டுதோறும் இரங்கி அளிக்கப்படும் திருத்தம் உபகாரத்தின் மரபேயன்றி உரிமையின் மரபன்று.

இரு எதிர்வாதங்கள்

நாட்டில் பணம் இல்லை என்பது முதலாவது எதிர்வாதம். 2024 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் எட்டில் ஒருவர் என்னும் அளவை எய்தியுள்ளனர். அதாவது ஏறத்தாழ 27 இலட்சம் பேர். இவர்கள் அனைவருக்கும் எவ்வித வேறுபாடுமின்றி மாதம் 5,000 ரூபா வழங்கினும் ஆண்டுச் செலவு 162 பில்லியன் ரூபா. மொத்த உள்நாட்டு உற்பத்தியோ 30,000 பில்லியன் ரூபாவை ஒட்டியது. ஆகவே செலவு அதன் அரைச் சதவீதத்தைச் சற்றே கடந்ததுதான். 2019 இறுதியில் அளிக்கப்பட்ட வரிச் சலுகைகளின்பின், அரசின் வரி வருமானம் உற்பத்தியின் எட்டுச் சதவீதத்தை ஒட்டி வீழ்ந்தமையே நெருக்கடியின் காரணங்களுள் ஒன்று. எனவே இங்கு தட்டுப்பாடு பணத்துக்கன்று. யாரிடம் வரி பெறுவது என்னும் அரசியல் துணிவுக்கே தட்டுப்பாடு. எம்மிலும் வறிய நேபாளம் 1995 ஆம் ஆண்டளவில், 75 வயதைக் கடந்தோருக்குப் பொது வரியிலிருந்து மாதம் 100 ரூபா எனத் தொடங்கிற்று. கடலுக்கு அப்பாலுள்ள தமிழகம் ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியத்தை 1962 ஆம் ஆண்டிலேயே ஆரம்பித்தது.

இரண்டாவது எதிர்வாதம் நுட்பமானது. அரச ஊழியர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் ஓய்வூதியம் பெற, மீனவனும் உழவனும் பெறாதிருப்பது அநீதி. ஆகவே அரச ஓய்வூதியத்தைக் குறைத்தல் வேண்டும் என்பது அது. இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதி அதிலிருந்து பிறவாதது. இளைப்பாறிய ஆசிரியை ஒருவரின் ஓய்வூதியத்தைக் குறைப்பதால் வலை இழுத்துத் தளர்ந்த முதியவருக்கு ஒரு சதமும் சேரப்போவதில்லை. கரையோரக் கிராமங்களில் ஒருவர் பெறும் ஓய்வூதியம் பேரப்பிள்ளையின் பாடசாலைச் செலவாகவும், கடல் பொய்த்த மாதத்தில் மகனின் அடுப்பெரிப்பதாகவும் பரவுவதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். உள்ளவரிடமிருந்து பறிப்பதன்று சமத்துவம். உள்ளவர் பெற்றதை அளவுகோலாகக் கொண்டு இல்லாதவரை உயர்த்துவதே சமத்துவம். அரச ஊழியரின் தொழிற்சங்கங்களும் இவ்வுண்மையை உணர்தல் வேண்டும். ஏனையோர் அனைவரும் வெறுங்கையராய் நிற்கும் நாட்டிலே, ஒரு பகுதியினரின் உரிமை மட்டும் நெடுங்காலம் நிலைத்து நிற்கமாட்டாது.

முடிவுரை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் நாம் வற்புறுத்துவன நான்கு.

முதலாவது, குறிப்பிட்ட வயதை எய்திய ஒவ்வொருவருக்கும் பொது வரியிலிருந்து அடிப்படை ஓய்வூதியம் சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். எழுபது வயது கடந்த குறைந்த வருமானத்தோருக்கான உதவித்தொகை 2025 இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டமை ஒரு முன்னேற்றமே. ஆயினும் இவ்வுதவியின் வரலாற்றில், ஒதுக்கப்பட்ட தொகை நிரம்பியபின் தகுதியுடையோரும் காத்திருப்போர் பட்டியலில் நின்றனர். தனக்கு வழி பிறக்க மற்றொரு முதியவர் இறக்கவேண்டும் என்னும் நிலைக்கு ஒரு மனிதரை ஆளாக்கும் ஏற்பாட்டினை உரிமை என அழைத்தல் இயலாது.

இரண்டாவது, ஓய்வூதியங்கள் யாவும் விலைச்சுட்டியோடு இணைக்கப்படல் வேண்டும். தொகையை உறுதிசெய்து பெறுமதியைக் கைவிடும் வாக்குறுதி பாதி வாக்குறுதியே.

மூன்றாவது, மீனவர், கமக்காரர் திட்டங்களில் போரும் இடப்பெயர்வும் விழுங்கிய ஆண்டுகளைப் பங்களித்த ஆண்டுகளாக அரசே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஏடுகள், ஆலய, பள்ளிவாசல் பதிவுகள், அகதிமுகாம் அட்டைகள், அயலவரின் சத்தியக்கடதாசிகள் ஆகியன சான்றாக ஏற்கப்படலாம். கரையில் உழைக்கும் பெண்களும் தம் பெயரிலேயே சேர்க்கப்படல் வேண்டும்.

நான்காவது, ஊழியர் சேமலாப நிதியின் முதலீட்டு முடிவுகளிலே அதன் உரிமையாளராகிய தொழிலாளரின் தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை இருத்தல் வேண்டும். தொழில்தருநர் செலுத்தத் தவறிய நிலுவைகளைத் தண்டி அறவிடும் பொறுப்பு தொழிலாளியின் முறைப்பாட்டுக்காகக் காத்திராது செயற்படல் வேண்டும்.

இவை ஒரே நாளிற் கைகூடுவன அல்ல. ஆயினும் மன்னார்க் கரையோரம் தெளிவாக உணர்த்தும் பாடம் ஒன்றுண்டு. சம்பளம் பெற்றோனின் சேமிப்பைப் பணவீக்கம் கரைத்தது. தவணை செலுத்தியோனின் நிதியம் வற்றியது. செலுத்த இயலாதோனின் ஆண்டுகளைப் போர் கொண்டுபோயிற்று. ஒவ்வோர் இடத்திலும் இடரைச் சுமந்தவர், அதனைத் தாங்கும் வலு மிகக் குறைந்தவரே. அச்சுமையைச் சமுதாயம் முழுவதன் தோளுக்கும் மாற்றுவதே ஓய்வூதியத்தைப் பாதுகாத்தல் என்பதன் பொருள். 'உபகாரச் சம்பளம்', 'பிச்சைச் சம்பளம்' என்னும் பெயர்கள் எமது வழக்கிலிருந்து மறைந்து வருகின்றன. அப்பெயர்கள் குறித்த உறவுகளும் மறையும்போதே, 'ஓய்வூதியம்' என்னும் சொல்லிலுள்ள ஊதியம் தன் உண்மைப் பொருளைப் பெறும்.